நீலப் பெட்டிக்கு அடித்த துண்டு

அந்த நாளில் தேர்தல் என்றால் நிறம்தான். போட்டியிடுகிற ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் ஒரு நிறத்தைக் கொடுக்கும். வாக்குச் சாவடியில் ஒரு மறைப்புக்குப் பின்னால் அந்தந்த நிறம் பூசிய மரப்பெட்டிகள் வரிசையாக இருக்கும். கையில் தருகிற சீட்டைக் கொண்டுபோய் உனக்குப் பிடித்தவனின் பெட்டிக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். எழுத்து வாசிக்கத் தெரியாத சனத்துக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார்கள் அல்லவா, அதற்காகக் கண்டுபிடித்த வழி. நிறத்தைப் போல இலேசான விஷயம் உலகத்தில் இல்லை என்று நினைத்திருப்பார்கள். அப்படி நினைத்தவர்களில் ஒருவனைக் கொண்டுவந்து என் மைப் பலகைக்கு முன்னால் ஒரு பகல் முழுதும் நிறுத்தி வைத்திருக்க வேண்டும்.

நான் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் மெசின் மிதிக்கிறவனாகவும் மை கலக்கிறவனாகவும் இருந்தேன். என் ஊர் சாவகச்சேரிக்கு அப்பால், வயல் முடிந்து பனங்கூடல் தொடங்குகிற இடத்தில் ஒரு குடியிருப்பு. எங்கள் ஆட்கள் பனை ஏறுகிறவர்கள். அப்படிப்பட்டவன் அச்சுக்கூடத்துக்குள் எப்படி வந்தான் என்றால், பாதிரிமாரின் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் எழுத்துப் படித்தேன், பிறகு மற்றவர்கள் கை வைக்கக் கூசிய வேலையில் கை வைத்தேன். மண்ணெண்ணெய் விட்டு உருளை கழுவுகிற வேலைக்கு யார் வருவான்? நகக்கண்ணெல்லாம் மை. நான் தேத்தண்ணீர் குடிக்கிற தகரப் பேணி தனியாக ஓர் ஆணியில் தொங்கியது. அந்தப் பேணியில் குடித்துக்கொண்டுதான், நிறம் பிடிக்கிறதென்றால் அவன்தான் என்று பட்டினத்தில் பெயர் எடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் பெயர்தான் பிறகு எங்கள் தலையில் மண்ணைப் போட்டது.

நிறம் பிடிக்கிறது என்றால் சும்மா நீலமும் மஞ்சளும் குழைக்கிறதில்லை. பேணிக்குள் இருக்கிற மை ஒரு நிறம். பலகையில் கத்தியால் இழுத்தால் இன்னொரு நிறம். கடதாசியில் மெல்லிசாகப் படிந்தால் வேறு, காய்ந்தால் அதுவும் மாறும். வெயிலில் ஒன்று, ஓட்டுக் கூரைக்குக் கீழே ஒன்று. கடதாசி மஞ்சள் சாய்ந்திருந்தால் மேலே போகிற மையும் மஞ்சள் சாயும். சுருட்டுக் கட்டின் சிவப்போ, சோடாப் போத்தலின் லேபிளோ, யார் எதைக் கொண்டுவந்து இதே நிறத்தில் வேண்டும் என்றாலும் விரல் நுனியில் மை தொட்டு, அடிக்கப்போகிற கடதாசியிலேயே தட்டித் தட்டிப் பார்ப்பேன். வாசலுக்குக் கொண்டுபோய் வடக்குப் பக்கத்து வெளிச்சத்தில் பிடிப்பேன். சரிவரும்வரை முதலாளி நின்று கத்தினாலும் மெசினில் கால் வைக்க மாட்டேன்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் இப்படிக் கிடந்து துடித்தேன் என்று விளங்காது. அவளுக்கு அப்போது ஏழு வயதிருக்கும். எங்கள் குடியிருப்பில் இருந்து பள்ளிக்கூடம் போன ஒருசில பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. மற்றப் பிள்ளைகள் நீள மரப்பலகை வாங்கில் ஏறி இருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் வாங்குகளுக்குப் பின்னால், நிலத்தில். எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் என்று அரசாங்கம் எப்போதோ கடதாசி அனுப்பியிருந்தது. கடதாசி வந்தது, வாங்கு வரவில்லை. அப்படி இருத்தப் பார்த்த சில பள்ளிக்கூடங்களில் நெருப்புப் பிடித்ததாம். எப்படிப் பிடித்தது என்று ஒருவருக்கும் தெரியாதாம்!

ஒரு நாள் மகள் உள்ளங்கை சிவந்து வீங்கி வந்தாள். கரும்பலகையில் மேலே எழுதிய கணக்கெல்லாம் சரியாகச் செய்திருந்தாள், கீழே எழுதியதெல்லாம் பிழை. அதற்கு அடி.

“முன்னாலை இருக்கிற பிள்ளையளின்ரை முதுகு மறைக்குது அப்பு” என்றாள். “எட்டி எட்டிப் பாத்தனான். கீழ்ப்பாதி தெரியேல்லை. நானாய் நினைச்சு எழுதிப்போட்டன்.”

அவள் அழவில்லை. நான்தான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்தத் தேர்தலில் எங்கள் பக்கம் மூன்று பேர் நின்றார்கள். சிவப்புக்காரர் பெயருக்கு நின்றவர். பச்சைக்காரர் எங்கள் பக்கத்துக் காணிகாரரின் ஆள். நீலக்காரர் ஒருவர்தான் சந்தைக்கு முன்னால் மேடையில் ஏறி, நான் போனால் எல்லாப் பிள்ளைகளும் வாங்கில் இருக்கும், இருத்தாத பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கக் காசு நிற்கும் என்று உரத்துச் சொன்னார். சொன்ன கையோடு கல் வந்து விழுந்தது. கல் விழுந்தபடியால்தான் எங்களுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

குடியிருப்பு முழுதும் நீலம் என்று முடிவாயிற்று. வெளியே சொல்ல முடியுமா? நாங்கள் குடியிருந்த காணி, ஏறிய பனை எல்லாம் பச்சைக்காரரின் ஆட்களுடையவை. கேட்டவர்களுக்கெல்லாம் பச்சை என்று தலையாட்டிக்கொண்டு மனதுக்குள் நீலத்தை வைத்திருந்தோம். என் மனைவி கோயிலில் நேர்த்தி வைத்தாள். தேர்தலுக்கு நேர்த்தி வைத்த ஆளை அதற்கு முன்னும் நான் காணவில்லை, பின்னும் காணவில்லை.

நீலக்காரரின் வேலை எங்கள் அச்சுக்கூடத்துக்குத்தான் வந்தது. நோட்டீசு இல்லை, நிறத் துண்டு. உள்ளங்கை அளவில் ஒரு மட்டைத் துண்டு, ஓர் எழுத்தும் இல்லாமல் முழுதும் நிறம். வாக்குப் போடப் போகிறவர்கள் அதை மடியில் செருகிக்கொண்டு போய், மறைப்புக்குப் பின்னால் பெட்டிகளோடு பிடித்துப் பார்த்து, எது பொருந்துகிறதோ அந்தப் பெட்டியில் சீட்டைப் போடலாம். அப்படி ஒன்று இல்லாமல் சரிவராது. ஏனென்றால் பச்சைக்காரர் ஊர் ஊராக ஆள் விட்டுச் சனத்தைக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். “நிறத்தை மாத்திப்போட்டாங்கள், இப்ப நீலம் மற்றவருக்கு” என்று ஒரு கதை. “உங்களுக்குப் பச்சையாய்த் தெரியிறதுதான் கவுண்மேந்துக்கு நீலம்” என்று இன்னொரு கதை. வாழ்க்கையில் முதன்முதலாகச் சீட்டுப் பிடிக்கப்போகிற சனத்துக்கு இது போதாதா?

மாதிரி கொண்டுவந்தவர் நீலக்காரரின் மருமகன். பிறக்கிராசி வேலை, அதுதான் வழக்குப் பார்க்கிற வேலை பார்த்தவர், கோட்டுக்கும் கச்சேரிக்கும் நடந்து பழகிய சுறுசுறுப்பான மனுசன். உள்ளே வந்ததும் வராததுமாகச் சட்டைப் பைக்குள் இருந்து ஒரு பனையோலைத் துண்டை எடுத்து மைப் பலகையில் போட்டார். அதில் ஒரு விரல் அகலத்துக்கு நிறம் இழுத்திருந்தது. மயில் கழுத்துப் பக்கம் போகிற ஒரு நீலம்.

“பெட்டியள் பூசி முடிஞ்சுது. இனிப் பூட்டி வைச்சு வாக்கு நாள்தான் வெளியிலை எடுப்பாங்கள்” என்றார். “பூசிக்கொண்டிருக்கேக்கை நான் அந்த வளவுக்குள்ளை போனன். ஆரும் பாக்காத நேரம் வேலியிலை ஒரு ஓலையைக் கிழிச்சு, ஈரப் பெட்டியிலை ஒரு இழுவை இழுத்துக்கொண்டு வந்திட்டன். எப்பிடி?”

கெட்டிக்காரர்தான். முதலாளி வாயைப் பிளந்தார். நானும்தான் பிளந்தேன். ஓலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்த பிறகுதான் எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது.

“ஐயா, பெட்டிக்கு எத்தினை தரம் பூசினவங்கள்?”

“நான் நிண்டு எண்ணிக்கொண்டோ இருந்தனான்? ரெண்டு மூண்டு தரம் பூசியிருப்பாங்கள்.”

“இது ஒரு இழுவைதான். அதுவும் காய்ஞ்ச ஓலையிலை. ஓலை மஞ்சளெல்லே? கீழை கிடக்கிற மஞ்சள் மேலை தெரியும். பெட்டி இதைவிட நீலமாய்த்தான் இருக்கும்.”

“எவ்வளவு நீலமாய்?”

அதுதானே கேள்வி! எவ்வளவு? எனக்குத் தெரியாது. கையில் இருந்தது ஓர் ஓலை, அதில் ஓர் இழுவை. அதற்குக் கீழே எவ்வளவு மஞ்சள் ஒளிந்திருக்கிறது என்று எந்தக் கண்ணால் பார்க்கிறது? பெட்டியை ஒருமுறை, ஒரே ஒருமுறை கண்ணால் கண்டால் போதும். அதற்குத்தான் வழி இல்லை.

வழி தேடாமல் இருக்கவும் இல்லை. பெட்டிகளைப் பூட்டி வைத்திருந்த கட்டடத்துக்குப் போய் யன்னலடியில் எட்டிப் பார்த்தேன். காவலுக்கு நின்ற பொலிசுக்காரன் பிடரியில் கை வைத்துத் தெருவுக்குத் தள்ளிவிட்டான். பெட்டி பூசிய பெயின்ரரைத் தேடினேன். அவன் வேலை முடிந்து கொழும்புக்கு ரெயில் ஏறிவிட்டான். பூசிய பெயின்ற் தகரமாவது கிடக்குமா என்று அந்த வளவின் குப்பைக்குள் கிளறினேன். யாரோ தண்ணீர் அள்ள என்று தகரத்தையும் கழுவிக் கொண்டுபோய்விட்டார்கள். கோதாரி விழுந்த தகரம்! வெறுங்கையோடு அச்சுக்கூடத்துக்குத் திரும்பினேன்.

பிறகு மூன்று விதமாகக் கலக்கினேன். ஒன்று ஓலையில் தெரிந்தபடியே. ஒன்று மஞ்சளைக் கொஞ்சம் எடுத்து. மற்றது நன்றாக எடுத்து, அசல் நீலத்துக்குக் கிட்டக் கொண்டுபோய். பட்டினத்தில் வெள்ளை மட்டை முடிந்துபோய்ப் பழுப்பேறிய மட்டைதான் கிடைத்தது. அது தன் பங்குக்கு மையை மஞ்சள் பக்கம் இழுத்தது. அதற்கும் ஈடு கொடுத்துக் கலக்க வேண்டியிருந்தது. வெக்கைக்கு உருளைகள் இளகிப் பிசுபிசுத்தன. அச்சுக்கு ஈய எழுத்து இல்லை, அந்த எழுத்தின் உயரத்துக்குச் சீவி இழைத்த ஒரு பாலைமரக் கட்டைதான். அது மையைக் குடித்துக் குடித்து ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் விட்டது. தடிப்பான பக்கம் ஒரு நீலம், மெல்லிசான பக்கம் ஒரு நீலம். சனியன், நானே ஒரு கட்டத்தில் எது நீலம் என்று மறந்து வாசலில் குந்திவிட்டேன்.

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. “இஞ்சை பார், கையிலை மாதிரி கிடக்குது. அதை விட்டிட்டு உன்ரை நினைப்பிலை இருக்கிறதை அடிக்கப்போறியோ? நாளைக்கு ஒண்டெண்டால் ஆர் பதில் சொல்லுறது?” என்றார். அவர் சொன்னதிலும் பிழை இல்லை. நான் நினைப்பதை நம்பி அடித்து அது வேறு எங்கேயாவது போய் நின்றால்?

முடிவு சொல்ல நீலக்காரரே வந்தார். மூன்று துண்டையும் மேசையில் வைத்தேன், பக்கத்தில் ஓலையையும் வைத்தேன். எனக்குள் இருந்த சந்தேகத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு முதல் துண்டின் மேல் ஓலையை வைத்தார். நிறம் இழுத்த இடம் துண்டுக்குள் போய் மறைந்துவிட்டது.

“அச்சொட்டாய் இருக்குது” என்றார். “கண்ணாலை காணுறதை அடிப்பம். காணாததை என்னண்டு அடிக்கிறது?”

பிறகு என் தோளில் கை வைத்தார். “உன்ரை கைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறன்” என்றார். பெரிய மனுசன் ஒருவன் என்னைத் தொட்டுக் கதைத்தது அதுதான் முதல்தரம். முதலாளிகூட முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். அந்தக் கையின் பாரத்துக்குக் கீழே என் சந்தேகம் நசிந்துபோயிற்று. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. ஓம் ஐயா என்றேன். மெசினில் கால் வைத்தேன்.

குடியிருப்புக்கான துண்டுகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். ஆளுக்கொன்று வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், மணந்துகூடப் பார்த்தார்கள்.

“உள்ளுக்கை போனால் இதைப் பெட்டியோடை வைச்சுப் பாருங்கோ” என்றேன். “எதோடை ஒட்டுதோ அதுதான் எங்கடை பெட்டி. ஆர் என்ன சொன்னாலும் கேளாதையுங்கோ. நீலமெண்டு சொன்னாலும் கேளாதையுங்கோ, பச்சையெண்டு சொன்னாலும் கேளாதையுங்கோ. உங்கடை கண்ணையும் நம்பாதையுங்கோ, துண்டை நம்புங்கோ.”

“உவன் அடிச்சதெண்டால் பிழை வராது” என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். என் மனைவி துண்டை ஒரு சீலைக் கிழிசலில் சுற்றி மடியில் செருகிக்கொண்டாள்.

மீதி வேலை கிடந்தபடியால் நான் பட்டினத்துக்குத் திரும்பினேன். வாக்கு நாளன்று காலை ரெயிலில் ஊருக்கு வந்தேன். சாவகச்சேரியில் இறங்கித் தெருவுக்கு வந்தபோது, வேறொரு சாவடிக்குப் பிந்திப் போகிற பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி எனக்கு எதிரே வந்தது. இரண்டு பொலிசுக்காரர் பக்கத்தில் நடந்தார்கள். வண்டிக்கு மேலே சிவப்பு, பச்சை, நீலம். நல்ல காலை வெயில்.

நீலப் பெட்டி நீலமாக இருந்தது. சுத்தமான, தடிப்பான, மஞ்சள் ஒரு சொட்டும் இல்லாத நீலம். பக்கத்தில் இருந்த பச்சைப் பெட்டியோ இலைப்பச்சை இல்லை, நீலம் கலந்த ஒரு கடும் பச்சை. சட்டைப் பைக்குள் இருந்த துண்டை எடுத்துக் கையை நீட்டிப் பிடித்தேன். அட கடவுளே! என் துண்டு இரண்டுக்கும் நடுவில் நின்றது. நடுவில் நின்றால்கூடப் பரவாயில்லை, பச்சைப் பக்கம் சாய்ந்து நின்றது. வெயிலிலேயே இப்படி என்றால் யன்னல் சாத்திய பள்ளிக்கூடத்துக்குள், மறைப்புக்குப் பின்னால் எப்படி இருக்கும்? சந்தேகமே வேண்டாம், பச்சைதான்.

வண்டி என்னைக் கடந்து போய்விட்டது. நான் துண்டைப் பிடித்தபடி நடுத்தெருவில் நின்றேன். பின்னால் வந்த ஒருவன் “என்ன விசரே உனக்கு, வழியை விடு” என்று கத்தினான். அதற்குப் பிறகுதான் எனக்கு அறிவு வந்தது. ஊரெல்லாம் போன துண்டுகளை இனி ஒருவராலும் திருப்பி வாங்க முடியாது. எங்கள் சனத்தையாவது பிடிக்கலாம். மகள் படிக்கிற அதே பள்ளிக்கூடம்தான் எங்களுக்குச் சாவடி. ஓடத் தொடங்கினேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயல் வரம்பால் ஓடினேன். விழுந்து எழும்பினேன். பிறக்கிராசியைத் திட்டினேன், அந்த ஓலையைத் திட்டினேன், வேலி அடைத்தவனைத் திட்டினேன். ஒரு கடதாசியில் இழுத்திருந்தால் என்ன, ஒரு வெள்ளைத் துணியில் இழுத்திருந்தால் என்ன! எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் ஓலைதானே. கை நீட்டினால் ஓலை வரும், அதில்தான் எல்லாம். நல்லூர் முருகா, ஒரு பத்து ஆளையாவது நான் போகும்வரை மறித்து வை என்று வாய் தன்பாட்டில் கேட்டுக்கொண்டு வந்தது.

போய்ச் சேர்ந்தபோது எங்கள் ஆட்கள் பள்ளிக்கூட வளவுக்குள் வரிசையில் நின்றார்கள். விடியவே வந்திருந்தும் வந்திருந்த மற்றவர்கள் எல்லாரும் போட்ட பிறகுதான் இவர்களை வளவுக்குள் விட்டிருந்தார்கள். அந்த அநியாயத்துக்காக அன்று ஒருநாள் மட்டும் சந்தோஷப்பட்டேன். வளவைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றடியில் பொலிசுக்காரன். அவனுக்குப் பக்கத்தில் காணிகாரரின் கணக்கப்பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு நின்றான். வரிசைக்கு முன்னால் என் மனைவி.

“இஞ்சேர்!” என்று கத்தினேன்.

வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. கணக்கப்பிள்ளை துள்ளிக் குதித்தான். “பாத்தீங்களோ, பாத்தீங்களோ! சாவடிக்குள்ளை நிக்கிற ஆக்களுக்கு நிறம் சொல்லிக் குடுக்க வந்திருக்கிறான். அவன் வாய் திறந்தால் உந்த வரிசை முழுதையும் நிப்பாட்ட வேணும். நான் உள்ளுக்கை எழுதிக் குடுப்பன்!”

பொலிசுக்காரன் தடியை என் நெஞ்சில் வைத்தான். “நிறம் எண்டு ஒரு சொல்லு வெளியிலை வந்துதோ, உன்னையும் கொண்டுபோவன், உவையளையும் திருப்பி அனுப்புவன். விளங்குதோ?”

விளங்கியது. நன்றாக விளங்கியது. வாயைத் திறந்தால் எங்கள் சனத்தின் வாக்கே இல்லாமல் போகும். திறக்காவிட்டால் பச்சைப் பெட்டிக்குள் போகும். என் வாயை நானே கையால் பொத்திக்கொண்டேன். மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சைகையால் எப்படி நீலம் என்று சொல்லுகிறது? என் உடம்பில் நீலமாக ஒன்றுமில்லை. நிலத்தில் இல்லை, வேலியில் இல்லை. ஒன்றுதான் இருந்தது. கையை உயர்த்தி வானத்தைக் காட்டினேன். அன்று ஒரு முகில் இல்லை. திரும்பத் திரும்பக் காட்டினேன். அங்கே பார், அந்த நிறம், அந்த நிறம் என்று கண்ணால் கெஞ்சினேன்.

அவள் வானத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். விளங்கிவிட்டது என்று தலையாட்டினாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக் கும்பிட்டாள். அவளைப் பார்த்துப் பின்னால் நின்ற கிழவர் கும்பிட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் கும்பிட்டார்கள். வரிசை முழுதும் மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, என் மனைவி முதல் ஆளாக உள்ளே போனாள்.

நான் கயிற்றடியில் குந்தினேன். பொலிசுக்காரன்கூடத் தடியை எடுத்துவிட்டான்.

அவள் வெளியே வந்தபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. கலியாணத்தன்றுகூடக் காணவில்லை. நேரே என்னிடம் வந்தாள். பொலிசுக்காரனின் காதுக்கு எட்டாமல் அவளை வேலியடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

“எதிலை போட்டனி?”

“நீங்கள் சொன்ன பெட்டியிலைதான்.”

“என்ன நிறம்?”

“பச்சை மாதிரித்தான் கிடந்தது. பக்கத்திலை நல்ல நீலமாய் ஒண்டு இருந்தது. எனக்கு அதிலைதான் முதல் கை போச்சுது. எனக்கும் கண் தெரியுமெல்லே. பிறகு துண்டை எடுத்துப் பிடிச்சுப் பாத்தன். அதோடை ஒட்டேல்லை, மற்றதோடைதான் ஒட்டிச்சுது. என்ரை கண்ணை நம்பி நீங்கள் அடிச்சதைப் பிழையெண்டு விடுறதோ? துண்டு சொன்னபடி போட்டிட்டன்” என்றாள். “ஏன், என்னத்துக்கு இப்பிடிப் பாக்கிறியள்? மேலை சாமியைத்தானே காட்டினியள்?”

ஓம் என்றேன். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒவ்வொரு முகத்திலும் அதே வெளிச்சம். ஒருவர் என் கையைப் பிடித்து, அச்சொட்டாய் ஒட்டிச்சுது மோனை என்றார். நானும் வரிசையின் கடைசியில் நின்று, உள்ளே போய் நீலப் பெட்டிக்குள் என் சீட்டைப் போட்டேன். எங்கள் குடியிருப்பில் இருந்து நீலப் பெட்டிக்குள் விழுந்தது அந்த ஒன்றாகத்தான் இருக்கும்.

பச்சைக்காரர் வென்றார். மற்ற ஊர்களில் எங்கள் துண்டு எத்தனை பேரைக் கவிழ்த்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. பிறக்கிராசி அச்சுக்கூடத்துக்கு வந்து, “நான் நல்லதுக்கெண்டுதானே செய்தனான்” என்று சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். நான் நறுக்கென்று நாலு சொல்லுச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். எழும்பி உருளை கழுவப் போனேன். குடியிருப்பில் உண்மையைச் சொன்னேன். எல்லாரையும் அதே முற்றத்தில் கூட்டி, ஓலையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். என்னை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், நெஞ்சும் கொஞ்சம் ஆறியிருக்கும். எழும்பி ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் குடிலுக்குப் போனார்கள். மனைவி அன்று இரவு சமைத்தாள், பரிமாறினாள், பரிமாறிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபமில்லை என்று எனக்குத் தெரியும். தன் கை முதலில் போன பெட்டியை நினைத்துக்கொண்டிருந்தாள்.

தேர்தலுக்காகப் பூட்டிய பள்ளிக்கூடத்தைத் திரும்பத் திறந்தார்கள். காலையில் மகள் தலை வாரி இழுத்துக்கொண்டு, சிலேட்டைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றாள். முற்றத்தில் பெரியவர்கள் கதைத்ததை எல்லாம் கேட்டிருக்கிறாள், ஆனால் அவளுக்கு வேண்டியது அதில் இருக்கவில்லை.

“அப்பு, நாங்கள் வெண்டிட்டமோ?”

“இல்லைப் பிள்ளை.”

“அப்ப இண்டைக்கு நான் எங்கை இருக்கிறது?”

மனைவி அடுப்படியில் இருந்து என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது நல்ல சொல்லாகச் சொல்லுவேன் என்று பார்த்திருப்பாள்.

“இருந்த இடத்திலை இரு” என்றேன்.

அவள் சரி என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போனாள்.